ஷேக்ஸ்பியர் நாடகத்த நேர்ல பாக்க கேமராவோட கெளம்பலாம்னு இருக்கேன், போயிட்டு வந்தவங்க சொல்லுங்க

லயத்துவீட்டு லென்ஸ்:
வணக்கம். நான் மலேசியா சுங்கை சிப்புட்காரன். வாரத்துல ஆறு நாள் ஃபேக்டரி ஷிஃப்ட், லீவு கெடைச்சா கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழான்னு கேமராவத் தூக்கிட்டு ஓடிடுவேன். ரொம்ப நாளா ஒரு ஆசை, வீட்டுல சொன்னா சிரிக்கிறாங்க, அதான் இங்க வந்து கேக்குறேன். ஷேக்ஸ்பியர் நாடகத்த மேடையில நேர்ல பாக்கணும், யூடியூப்ல இல்ல, நடிக்கிறவன் மூச்சு வாங்குறது நம்ம காதுல விழுற தூரத்துல நின்னு பாக்கணும். அப்படியே மேடை வெளிச்சத்துல படம் பிடிச்சுப் பழகணும். மண்டபத்துல வெள்ள லைட்ட மூஞ்சிக்கு நேரா அடிச்சு அடிச்சுப் படம் எடுத்து எனக்கே சலிச்சுப் போச்சு.

அடுத்த வருஷம் பத்து நாள் சூத்தி (லீவு) போடலாம். கையில பன்னெண்டாயிரம் வெள்ளி சேர்ந்திருக்கு. லண்டன் போறதா, இல்ல சிங்கப்பூர், கேஎல் (கோலாலம்பூர்)னு கிட்டயே முடிச்சுக்கறதா? கேமரா பழைய கெனான், 50 எம்எம் எஃப் 1.8 ஒண்ணு, கூட வந்த கிட் லென்ஸ் ஒண்ணு. இங்கிலீஷு எஸ்பிஎம் (பள்ளிக்கூடக் கடைசிப் பரீட்சை) அளவுதான். உள்ளத சொல்லிட்டேன், திட்டுறவங்களும் திட்டலாம்.

குட்டிப்பையன் எஸ்பி:
அண்ணே பன்னெண்டாயிரத்துக்கு நல்ல லென்ஸே வாங்கலாமே. ஷேக்ஸ்பியர் எங்க ஓடப் போறாரு, 400 வருஷமா அங்கயேதான படுத்திருக்காரு

ஈப்போக்காரி:
தம்பி நீங்க போங்க, யோசிக்கவே யோசிக்காதீங்க. நான் பர்மிங்ஹாம்ல மூணு வருஷம் நர்ஸா இருந்தேன், ஆஃப் கெடைச்சா நாடகம் பாக்கப் போறதுதான் எனக்கு இருந்த ஒரே பைத்தியம்.

லண்டன்ல தேம்ஸ் ஆத்தோரமா குளோப்னு ஒரு நாடகக் கொட்டகை இருக்கு, அந்தக் காலத்து குளோப் மாதிரியே மரத்துல கட்டுனது, 1997ல தொறந்தாங்க. சாம் வனமேக்கர்னு ஒரு அமெரிக்க நடிகர் இதுக்காக வருஷக்கணக்கா அலைஞ்சாரு, பாவம் தொறக்குறதுக்கு நாலு வருஷம் முன்னாடியே போய்ச் சேந்துட்டாரு. கூரை நாணல்ல வேஞ்சது. 1666ல லண்டனே எரிஞ்சதுக்கு அப்புறம் அந்த ஊருல வேஞ்ச கூரைக்கு அனுமதி குடுத்தது இதுக்குத்தான்னு சொல்வாங்க. பழைய குளோப் எப்படிப் போச்சு தெரியுமா, 1613ல நாடகத்துக்கு நடுவுல சத்தத்துக்காக பீரங்கி வெடிச்சாங்க, பொறி கூரையில விழுந்து மொத்தமும் போயிருச்சு. ஒருத்தர் கால்சட்டையில தீ புடிச்சு பக்கத்துல இருந்த பியர ஊத்தி அணைச்சாங்களாம்.

உக்காந்து பாக்குற சீட்டு வெல ஜாஸ்தி. ஆனா நடுவுல கூரையே இல்லாத முத்தம் ஒண்ணு இருக்கு, அங்க நின்னு பாக்குற டிக்கட்தான் இருக்குறதுலயே மலிவு. ஏறக்கொறைய 700 பேரு நிக்கலாம். உக்கார விட மாட்டாங்க, கால் வலிச்சா வலிக்கட்டும்னு நிக்கணும். மழை பேஞ்சாலும் நாடகம் நிக்காது, கொடையும் புடிக்கக்கூடாது, பின்னாடி நிக்கிறவங்களுக்கு மறைக்கும்ல. நான் ட்வெல்ஃப்த் நைட் பாத்த அன்னிக்கு ரெண்டாவது பாதி பூரா தூறல். அந்த நாடகம் முடியிறப்போ கோமாளி தனியா நின்னு ஒரு பாட்டு பாடுவான், தெனமும் மழை பெய்யுது பெய்யுதுன்னு வரும் அதுல. அவன் அத பாடிக்கிட்டே மேல வானத்தப் பாத்தான், நாங்க அத்தன பேரும் நனைஞ்சுக்கிட்டே சிரிச்சோம், எனக்கு ஏனோ கண்ணுல தண்ணி வந்துருச்சு. அந்த ஒரு நிமிஷத்துக்கு எத்தன வெள்ளி வேணும்னாலும் குடுக்கலாம்.

மொத ஆளா போயி மேடை ஓரத்துல கைய ஊனி நின்னுக்குங்க. ரெண்டு பெரிய தூணு இருக்கு, பக்கவாட்டுல போயிட்டா அது மறைக்கும். ஏப்ரல் மே வாக்குல தொடங்கி அக்டோபர் வரைக்கும்தான் வெளி மேடை. ஸ்வெட்டர் மறக்காதீங்க, அவங்க சம்மர் நமக்கு கேமரன் மலைக் குளிரு.

ஐஎஸ்ஓ அண்ணன்:
தம்பி ஆசைய கெடுக்குறேன்னு நெனைக்காத. நாடகம் நடக்குறப்போ படம் எடுக்க எங்கயும் விட மாட்டாங்க, லண்டனா இருந்தாலும் சரி கேஎல்லா இருந்தாலும் சரி. நீ வெளில பாக்குற மேடைப் படமெல்லாம் ரிகர்சல்ல, அதுக்குன்னு கூப்ட்ட ஆளு எடுத்தது. நான் இருபது வருஷமா அரங்கேற்றம் நாடகம்னு எடுக்குறேன், எனக்கே ஒரு ஹால்ல (பேரு வேணாம்) அனுபவம் ஆச்சு, அனுமதி வாங்கித்தான் போனேன், ஆனா ஃபோகஸ் பண்றப்போ முன்னாடி ஆரஞ்சு கலர்ல ஒரு லைட் எரியும் பாரு, அத ஆஃப் பண்ண மறந்துட்டேன். அந்தம்மா உயிர் போற சீன்ல நடிச்சிட்டிருக்கு, என் லைட்டு அது மூஞ்சியில. எடவேளையில என்னைய வெளிய அனுப்பிட்டாங்க. தப்பு என்னோடது.

அதனால ரெண்டையும் பிரிச்சுக்க. நாடகம் பாக்க லண்டன் போ, மேடைப் படம் பழக இங்க பழகு.

லயத்துவீட்டு லென்ஸ்:
அண்ணே இது தெரியாம போச்சே. அப்போ அங்க கேமராவுக்கு வேலையே இல்லயா?

ஐஎஸ்ஓ அண்ணன்:
யாரு சொன்னா. நாடகம் ஆரம்பிக்க முன்னாடி அந்தக் கட்டடத்த எடு, ஓக் மரம், சுண்ணாம்புச் செவுரு, வாசல்ல காத்து நிக்கிற சனம். செயின்ட் பால்ஸ் பக்கத்துலேர்ந்து மில்லேனியம் பாலத்துல நடந்தே வரலாம், சாயங்கால வெயிலு ஆத்துல விழுறப்போ அந்தப் பாலத்துல நின்னாலே ஒரு மணி நேரம் போயிடும். முடிஞ்சு எல்லாரும் வந்து கும்புடுறப்போ சில எடத்துல எடுக்க விடுவாங்க, ஆனா வாசல்ல நிக்கிறவங்கள கேட்டுட்டு எடு.

நாடகம் நடக்குறப்போ கேமரா பையில இருக்கட்டும், நீ வெளிச்சத்தப் படி. குளோப்புல ராத்திரி நாடகத்துக்கும் மேடைக்கு மட்டும் லைட் அடிக்க மாட்டாங்க, பகல் வெளிச்சம் மாதிரி மொத்த எடத்துக்கும் சேத்து அடிப்பாங்க, நடிகனுக்கு உன் மூஞ்சி தெரியும், உனக்கு அவன் மூஞ்சி தெரியும். அதே வளாகத்துல உள்ளரங்கு ஒண்ணு 2014ல தொறந்தாங்க, அங்க தேன்மெழுகுவத்திதான் வெளிச்சமே. ஒரு ஆளு கையில மெழுகுவத்தியோட நடந்து வர்றப்போ மூஞ்சியில நெழல் எங்க விழுது, தாடைக்குக் கீழ எப்படி ஏறுது, கண்ணு எப்ப மின்னுதுன்னு ரெண்டு மணி நேரம் ஒக்காந்து பாத்தாலே போதும், அப்புறம் நம்ம கோயில்ல தீபாராதனைய நீ எடுக்குற விதமே மாறிடும்.

செம்பனைக்காட்டான்:
நானும் கேட்டுக்கிட்டேதான் இருக்கேன். நம்ம தாத்தன வெள்ளக்காரன் காலங்காத்தால தோட்டத்துப் பெரட்டுல, பேரு கூப்புடுற வரிசையில, நிக்க வெச்சான். இப்ப பேரன் காசு குடுத்துட்டுப் போயி அவன் முத்தத்துல மழையில மூணு மணி நேரம் நிக்கப் போறான். நல்லா இருக்குய்யா கதை.

குட்டிப்பையன் எஸ்பி:
செத்தேன் ஹாஹாஹா

ஈப்போக்காரி:
செம்பனை அண்ணே உங்களுக்கு எல்லாத்துலயும் ஒரு குத்தம். நல்ல நாடகத்துக்கு வெள்ளக்காரன் நம்மாளுன்னு இருக்கா?

பழைய வாத்தியார்:
செம்பனை சொல்றதுல கோபம் இருக்கு, அந்தக் கோபத்துல நியாயமும் இருக்கு. ஆனால் நம்மாளுங்க ஷேக்ஸ்பியரை எப்பவோ நம்ம வீட்டுப் பிள்ளையாக்கிட்டாங்க என்பதும் உண்மை. பம்மல் சம்பந்த முதலியார் 1891ல சென்னையில சுகுண விலாச சபையை ஆரம்பிச்சவர், ஹாம்லெட்டை அமலாதித்யன் ஆக்கினார், மெர்ச்சன்ட் ஆஃப் வெனிஸ் வாணீபுரத்து வணிகன் ஆச்சு, மேக்பெத் மகபதி ஆனான். பேரைப் பாருங்க, என்ன அழகா ஒட்டுது.

நான் முப்பத்திரண்டு வருஷம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவன். தோட்டத்துலேர்ந்து வர்ற பசங்களுக்கு வெனிஸ் நாடகம் நடத்தறப்போ வட்டிக்கு விடுற ஷைலாக்கைப் புரிய வைக்க நான் பாடுபட்டதே இல்ல. 'சார், ஆலோங்கா (கந்துவட்டிக்காரனா) சார்?'னு பின் பெஞ்சுலேர்ந்து ஒருத்தன் கேப்பான், வகுப்பே புரிஞ்சுக்கும். சதை ஒரு பவுண்டு அடமானம்னா அவங்களுக்கு கதை இல்ல, பக்கத்து வீட்டுல நடந்தது. அப்படியே விட்டுடவும் கூடாது. எச்சில் துப்பி ஒதுக்கப்பட்ட ஒரு ஆள், எனக்கும் கண்ணு இல்லையா, குத்தினா ரத்தம் வராதான்னு கேக்கறான் பாருங்க மூணாவது அங்கத்துல, அங்க வந்ததும் அதே பின் பெஞ்சு அமைதியாயிடும். அதனாலதான் சொல்றேன் தம்பி, எஸ்பிஎம் இங்கிலீஷ் போதும், பயப்படாதீங்க. போறதுக்கு முன்னாடி அந்த ஒரு நாடகத்தோட கதையைத் தெரிஞ்சுக்கிட்டு, முக்கியமான ரெண்டு மூணு பேச்சை வாய்விட்டுப் படிச்சுட்டுப் போங்க. மேடையில அந்த வரி வர்றப்போ தெரிஞ்ச ஆளைச் சந்தையில பாத்த மாதிரி இருக்கும். மொத நாடகமா ஹாம்லெட் வேணாம், நீளம் ஜாஸ்தி, நின்னுக்கிட்டுப் பாக்க முடியாது. மேக்பெத் சின்னது, வேகமானது.

லயத்துவீட்டு லென்ஸ்:
நன்றி சார், குறிச்சு வெச்சுக்கிட்டேன். செம்பனை அண்ணே, உங்களுக்கு ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. எங்க தாத்தா பால்மரம் வெட்டுனவருதான். பகல்ல பால் வாளி, ராத்திரி ஒத்திகை. எங்க தோட்டத்துல மாரியம்மன் திருவிழான்னா அரிச்சந்திரா நாடகம், இவருதான் அரிச்சந்திரன், சுடுகாட்டுல நின்னு பாடுற கட்டத்துல பொம்பளைங்க மாருல அடிச்சுக்கிட்டு அழுவாங்கன்னு அப்பாயி சொல்லும். கிராணி (தோட்டத்துக் கணக்கர்) வீட்டுலேர்ந்து சால்வ போடுவாங்களாம். ஆனா மேடையில அவர் நிக்கிற மாதிரி ஒரு படம் கூட எங்ககிட்ட இல்ல. ஐசி (அடையாள அட்டை) படம் ஒண்ணு, கல்யாணத்துல எங்கயோ ஓரமா நிக்கிறது ஒண்ணு, அவ்ளோதான். நான் கேமரா வாங்குனதே அதனாலதான்னு நெனைக்கிறேன், யாருகிட்டயும் சொன்னதில்ல. வெள்ளக்காரன் நாடகம்னு போகலண்ணே. ராத்திரி முழுக்க சனம் நின்னு ஒரு நாடகத்தப் பாக்குறது எப்படி இருக்கும்னு ஒரு தடவ பாக்கணும். இங்க அது இப்ப எங்க இருக்கு, எங்க லயத்து வீடுங்க இருந்த எடத்துல தாமான்னு புதுக் குடியிருப்பு வந்துருச்சு.

ஐஎஸ்ஓ அண்ணன்:
தம்பி…

ஈப்போக்காரி:
நீங்க கண்டிப்பா போங்க.

ஷேக்ஸ்பியர் ஊரு ஸ்ட்ராட்ஃபர்டும் சேத்துக்குங்க. லண்டன் மேரிலபோன் ஸ்டேஷன்லேர்ந்து ரயில் ரெண்டு மணி நேரம் கிட்ட ஆகும். அவர் பொறந்த வீடு ஹென்லி ஸ்ட்ரீட்ல இருக்கு, கூட்டமான கூட்டம், படம் எடுக்கணும்னா காலையில கடை தொறக்குறதுக்கு முன்னாடி போயிடுங்க. எனக்குப் புடிச்சது ஹோலி டிரினிட்டி சர்ச்தான், உள்ள அவர் சமாதி, என் எலும்ப நகத்துறவன் நாசமாப் போவான்னு கல்லுல சாபம். நம்ம ஊரு காவல் தெய்வம் மாதிரி! ராயல் ஷேக்ஸ்பியர் தியேட்டர் ஆத்தங்கரையில, 2010ல புதுசு பண்ணி தொறந்தாங்க, மேடை சனத்துக்கு நடுவுல நீட்டிக்கிட்டு வரும், கடைசி சீட்டுல இருந்தா கூட மேடைக்கு 15 மீட்டருதான். மலேசிய பாஸ்போர்ட்டுக்கு விசா வேணாம், ஆனா 2025 ஜனவரிலேர்ந்து இடிஏன்னு ஒரு பயண அனுமதி போன்லயே அப்ளை பண்ணிட்டுத்தான் ஏறணும், மறந்துடாதீங்க.

நேரம் இருந்தா கார்ன்வால்ல மினாக்குன்னு ஒரு எடம், கடலோரப் பாறையில வெட்டுன தியேட்டர், நடிகருக்குப் பின்னாடி கடல்தான் திரை. ரொவீனா கேட்னு ஒரு அம்மா தோட்டக்காரர கூட வெச்சுக்கிட்டு தானே கல்லு சொமந்து கட்டுனது. 1932ல மொத நாடகம் டெம்பெஸ்ட், காடி ஹெட்லைட்ட எல்லாம் வெச்சு வெளிச்சம் காட்டுனாங்களாம். லண்டன்லேர்ந்து ரொம்ப தூரம், பத்து நாள்ல இடிக்கும், பாத்துக்குங்க.

செம்பனைக்காட்டான்:
எங்க தோட்டத்துல லோரி ஹெட்லைட். பெட்ரோமாக்ஸ் மேண்டல் நடுவுல ஒடஞ்சிருச்சுன்னா லோரிய திருப்பி நிறுத்துவாங்க. கொசுவர்த்தி கிடையாது, சாக்க விரிச்சுப் படுத்துக்கிட்டே பாப்போம், விடிய நாலு மணிக்குத்தான் முடியும். அரிச்சந்திரன் பொஞ்சாதியா எங்க பெரியப்பா கட்டுவாரு. மீசைய எடுக்க மாட்டேன்னு ஒரு வருஷம் அடம்புடிச்சாரு, மீசையோடயே சந்திரமதி.

குட்டிப்பையன் எஸ்பி:
அண்ணே நீங்க இவ்ளோ நாளு இத சொல்லவே இல்லயே

பழைய வாத்தியார்:
ஷேக்ஸ்பியர் காலத்துலயும் பொம்பளை வேஷம் பையன்கள்தான் கட்டினாங்க. ஜூலியட்டும் லேடி மேக்பெத்தும் மொதல்ல மேடை ஏறினது ஆண்பிள்ளை உடம்புலதான். மீசை இருந்ததா தெரியல!

இன்னொண்ணு. அவர் 1616ல செத்தார். நாடகங்களைச் சேத்துப் புத்தகமாக்கணும்னு அவர் மெனக்கெடவே இல்ல. கூட நடிச்ச ரெண்டு நண்பர்கள், ஹெமிங்ஸ், காண்டெல், ஏழு வருஷம் கழிச்சு 1623ல 36 நாடகங்களைச் சேத்து அச்சுல கொண்டுவந்தாங்க. அதுல பாதி, 18 நாடகம், அதுவரைக்கும் அச்சே ஏறாதது. மேக்பெத், ஜூலியஸ் சீசர், டெம்பெஸ்ட், ஈப்போக்காரி மழையில பாத்த ட்வெல்ஃப்த் நைட் எல்லாம் அந்தப் பதினெட்டுல உண்டு. அந்த ரெண்டு பேரும் ஒத்திகைத் தாளையும் பழைய பிரதியையும் தேடிப் பிடிச்சிருக்கலேன்னா இன்னைக்கு லண்டன்ல நிக்க முத்தம் இருக்கும், பாக்க பாதி நாடகம் இருக்காது. செம்பனை, உங்க பெரியப்பா பாட்டெல்லாம் மனப்பாடமா, எழுதி வெச்சிருந்தாரா?

செம்பனைக்காட்டான்:
நோட்டு இருக்கு. பிஸ்கட் டின்ல. கரையான் ஒரு ஓரம் தின்னுருச்சு. பாட்டு, யாரு எந்தப் பக்கம் வரணும், ஆர்மோனியம் எந்தக் கட்டை, எல்லாம் பென்சில்ல எழுதியிருக்கும். எனக்குப் படிக்க வராது, கையெழுத்து கோழி கிண்டுன மாதிரி. வேசம் கட்டுனவங்க பேரெல்லாம் கடைசிப் பக்கத்துல இருக்கு. தம்பி உங்க தாத்தா எந்தத் தோட்டம்?

லயத்துவீட்டு லென்ஸ்:
அண்ணே உங்களுக்கு தனியா மெசேஜ் போட்டிருக்கேன், பாருங்க.

ஐஎஸ்ஓ அண்ணன்:
அவங்க பேசி முடிக்கட்டும், நான் பழகுற விஷயத்த சொல்லிடுறேன்.

செலவில்லாம பழகணும்னா உங்க ஊரு கோயில் திருவிழா மேடை, தமிழ்ப்பள்ளி ஆண்டு விழா போதும். அப்புறம் ஒரு சனிக்கிழமை ஈடிஎஸ் ரயில் ஏறு, சுங்கை சிப்புட்லேர்ந்து கேஎல் சென்ட்ரல் மூணு மணி நேரம், அங்கேர்ந்து பத்துமலை போற கோமூட்டர் ரயில்ல செந்தூல்ல எறங்கி கிராப் டாக்சி புடிச்சா கேஎல்பேக் நாடக அரங்கம். 2005ல தொறந்தது, முன்னாடி அது ரயில்வே கட்டடம், நம்மாளுங்க தலைமுறை தலைமுறையா பட்டறை வேல பாத்த ஏரியா. ஷேக்ஸ்பியர் எப்பவாச்சும்தான் போடுவாங்க, எது நடந்தாலும் போயி பாரு. சின்னக் குழுவா இருந்தா முன்கூட்டியே எழுதிக் கேளு, முழு வேஷத்தோட ஒத்திகை பாக்குற அன்னிக்கு படம் எடுக்க விடுவாங்க, பதிலுக்குப் படத்த அவங்களுக்குக் குடுத்துடணும், அதான் மரியாதை. சிங்கப்பூர்ல ஃபோர்ட் கேனிங் பார்க்ல திறந்தவெளி ஷேக்ஸ்பியர் போடுறதுண்டு, பாய் விரிச்சு சாப்பாட்டோட பாக்கலாம், ஆனா வருஷா வருஷம் கிடையாது, பாத்துட்டு டிக்கட் போடு.

செட்டிங் கேட்டா, உன் 50 எம்எம் நல்ல லென்ஸ், புதுசு வாங்காத. எஃப் 2, ஸ்பீடு 1/200, ஐஎஸ்ஓ 3200 வரைக்கும் பயப்படாம ஏத்து. சண்டை, ஓட்டம்னா 1/500. பின்னாடி இருட்டா இருக்குறதால கேமரா ஏமாந்து மூஞ்சிய வெளுத்துடும், அதனால கேமராவுல வெளிச்ச அளவ ஒரு ஸ்டாப் (பாதியா) கொறச்சு வை, இல்லன்னா மூஞ்சிய மட்டும் அளக்குற ஸ்பாட் மீட்டர். செவப்பு எல்ஈடி லைட்டு அடிச்சா மூஞ்சி தக்காளி மாதிரி ஆயிடும், ரா ஃபைல்ல (கேமரா மாத்தாம அப்படியே வெக்கிற மூலப் படம்) எடுத்தாத்தான் கொஞ்சமாச்சும் மீட்க முடியும். நம்ம மாதிரி கருத்த தோலுக்கு நீல லைட்டுல வெளிச்சம் பத்தாது, அது மாறுற வரைக்கும் பொறுத்திரு, எல்லா நொடியும் படத்துக்கு ஆகாது. புது கேமரா வெச்சிருக்கவங்க சத்தமில்லாத ஷட்டர் போடுவாங்க, எல்ஈடில கோடு கோடா விழும், மொதல்ல ஒண்ணு எடுத்துப் பாத்துக்க. முக்கியமா கதைய தெரிஞ்சுக்க. வாளு உருவப் போறான்னு உனக்கு முன்கூட்டியே தெரியலன்னா, உருவி முடிச்ச கைதான் படத்துல வரும்.

ஈப்போக்காரி:
கடைசியா சொன்னது நர்ஸுக்கும் பொருந்தும் அண்ணே

லயத்துவீட்டு லென்ஸ்:
ரெண்டு நாளா வர முடியல, நைட் ஷிஃப்ட்.

ஒரே தோட்டம்தான். வேற டிவிஷன். செம்பனை அண்ணன் கடைசிப் பக்கத்த போன்ல எடுத்து அனுப்புனாரு, ஆடிப்போன படம், ஃபிளாஷ் வேற அடிச்சிருக்காரு, ஆனாலும் அரிச்சந்திரன்னு போட்டு எதிர்ல எங்க தாத்தா பேரு தெரியுது. அப்பாகிட்ட காட்டுனேன், கண்ணாடிய கழட்டி தொடச்சு மறுபடி மாட்டி பாத்தாரு, ஒண்ணும் பேசல, வெளிய போயி மோட்டோவ தொடச்சிக்கிட்டு இருந்தாரு.

லண்டன் போறேன், அது முடிவு. ஜூன்ல, முத்தத்துல நிக்கிற டிக்கட்டுதான். ஆனா அதுக்கு முன்னாடி அந்த நோட்ட ஒவ்வொரு பக்கமா எடுக்கணும். ஐஎஸ்ஓ அண்ணே, பென்சில் எழுத்து, மஞ்சளாப் போன தாளு, எப்படி எடுக்குறது?

ஐஎஸ்ஓ அண்ணன்:
ஃபிளாஷ தொடாத. அஞ்சடியில (வாசல் தாழ்வாரத்துல) வெயில் நேரா படாத எடமா பாத்து, காலையில பத்துலேர்ந்து பன்னெண்டுக்குள்ள. கேமராவ டிரைபாட் முக்காலியில கவுத்து நேர் மேலேர்ந்து, எஃப் 8, ஐஎஸ்ஓ 100, பத்து செகண்டு டைமர், கை படக்கூடாது. மொத ஷாட்டுல ஒரு வெள்ளத் தாள பக்கத்துல வெச்சு எடு, கலர் சரி பண்ண உதவும். பென்சில் மங்கிப் போன பக்கத்துக்கு வெளிச்சம் ஒரு பக்கத்துலேர்ந்து சாய்ஞ்சு வர்ற மாதிரி திருப்பி வை, அழுத்தி எழுதுன தடம் தெரியும். கரையான் தின்ன பக்கத்த கையால புரட்டாத, அடியில ஒரு மெல்லிசு தாள விட்டுத் தூக்கு. கையில எண்ணெய் இருக்கக்கூடாது, மொதல்ல ரொட்டி சானாய் சாப்ட்டுட்டு போயிடாத.

பழைய வாத்தியார்:
எனக்கு ஒரு பிரதி அனுப்புங்க. கோழி கிண்டின கையெழுத்தெல்லாம் முப்பத்திரண்டு வருஷம் திருத்தினவன் நான்.

செம்பனைக்காட்டான்:
ஞாயித்துக்கெழம வா. பத்து மணிக்கு முன்னாடி வேணாம், பெரியம்மா கோயிலுக்குப் போயிரும், டின் சாவி அதுகிட்ட. கேட்ல நின்னு ஹார்ன் அடி, நாய் இருக்கு. அப்பாவையும் கூட்டிட்டு வா.